கல் பெஞ்சும் உதிர்ந்த ஹ-வும்

1

இந்தக் கதை ஒரு தகரப் பலகையிலிருந்து வந்தது. மறைக்க ஒன்றுமில்லை. பெங்களூரில் எங்கள் லேஅவுட் பூங்காவின் வாசலில் போன மழைக்குப் பிறகு ஒரு பலகை முளைத்திருந்தது. நீலத்தின் மேல் வெள்ளையாகக் கன்னட எழுத்து: ‘கல் பெஞ்சுகளை யாரும் நகர்த்தக் கூடாது. மீறினால் அபராதம்.’

எனக்குச் சிரிப்பு வந்தது. கல் பெஞ்சை யார் நகர்த்தப் போகிறார்கள்? காலையில் நடக்க வரும் பென்ஷன்காரர்கள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடுவார்களா? காவலாளியிடம் கேட்டேன்.

“ஒருத்தன் செத்துட்டான் மேடம்.”

“எப்படி?”

“பெஞ்ச தூக்குறப்போ. கூலிக்காரன்.”

அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். குழாயை இழுத்துக்கொண்டு புல்லுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

ஒரு ஆள் செத்ததற்கு இந்தக் குடியிருப்போர் சங்கம் செய்த ஒரே காரியம், செத்தவனையே மிரட்டுகிற மாதிரி ஒரு பலகை நட்டது. அந்தக் கோபத்தில் எழுதுகிறேன். கோபத்தில் எழுதினால் கதை கெட்டுவிடும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். அங்கே சொன்னதையெல்லாம் அப்படியே நம்பியாக வேண்டிய நிலைமை எனக்கு ரொம்ப நாள் இருந்தது. இப்போது இல்லை. கெட்டால் கெடட்டும்.

காவலாளி சொன்னதற்கு அப்பால் கீழே வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது. பெயர்கள், அடுப்பு, போலீஸ் ஸ்டேஷன், எல்லாம். கல்லின் எடையை மட்டும் இட்டுக்கட்டவில்லை.

2

முதல் தொடக்கம்: ‘விடிகாலைப் பனியில் அந்தக் கல் பெஞ்சு உறங்கும் யானையைப் போல’

வேண்டாம். ஒருவனைக் கொன்ற பொருளை யானை என்று கொஞ்ச எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாவது தொடக்கம்: ‘சித்தராஜு நல்லவன்.’

செத்தவர்கள் எல்லாம் கதைகளில் நல்லவர்கள்தான். என் சித்தராஜு மனைவியின் வெற்றிலைப் பையிலிருந்து பாக்கைத் திருடுவான், கேட்டால் எலி என்பான். அதற்காக அவன் சாக வேண்டியதில்லை. நல்லவனாக இருந்ததற்காகவும் வேண்டியதில்லை. அடித்தேன்.

மூன்றாவது தொடக்கம்: ‘பெஞ்சு மிகவும் கனமாக இருந்தது.’

‘மிகவும்’ என்றால் எவ்வளவு? அந்தச் சொல்லை எழுதியவள் உட்கார்ந்துகொண்டு எழுதினாள். வெட்கமாக இருந்தது. ஹொசூர் சாலையில் ஒரு கல் கடைக்குப் போனேன்.

“எத்தன பெஞ்சு மேடம்?”

“வாங்க வரல. ஒரு பெஞ்சு என்ன எடைன்னு தெரியணும்.”

“எடையா?” கடைக்காரர் என்னைச் சற்று இரக்கத்தோடு பார்த்தார். “நாங்க அடிக்கணக்குல விக்கிறோம். எடை யாரு கேப்பாங்க?”

“தூக்குறவங்க?”

“அவங்க எதுக்குக் கேக்கணும்? தூக்குனா தெரிஞ்சிடும்ல!” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

கல்லை அடிக்கணக்கில் விற்கிறார்கள், கிலோக்கணக்கில் சுமக்கிறார்கள். இந்த இரண்டு கணக்கும் சந்தித்துக்கொள்வதே இல்லை. நான் சந்திக்க வைத்துப் பார்த்தேன். கருங்கல் ஒரு கன அடிக்கு எழுபது, எழுபத்தைந்து கிலோ வரும். உட்காரும் பலகை ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், நான்கு அங்குல கனம். அதுவே இருநூறைத் தாண்டுகிறது. கால் கல் இரண்டையும் சேர்த்தால் முந்நூறுக்கு மேல். மண்ணிலிருந்து பிடுங்கும்போது காலோடு ஒட்டிக்கொண்டு வரும் சிமென்ட் கட்டிகளையும் சேர்த்தால் நானூறு பக்கம் போய்விடும்.

நான்கு பேர் தூக்கினால் ஆளுக்கு நூறு. அதுவும் நால்வரும் ஒரே உயரமாக இருந்து, தரை சமமாக இருந்து, ஒருவனுக்கும் வியர்வையில் கை வழுக்காமல் இருந்தால். ஒருவன் தன் முனையை விட்டால் அவன் பங்கு மற்ற மூவருக்கும் நியாயமாகப் பிரியாது. பக்கத்தில் நிற்பவன் மேல் போய் விழும்.

(எப்படி நகர்த்த வேண்டும் என்பது ஒன்றும் பரம ரகசியம் இல்லை. சிமென்டை உளியால் பெயர்த்துப் பலகையைத் தனியாகக் கழற்ற வேண்டும். முக்காலி நட்டு, செயின் பிளாக் என்ற சங்கிலிக் கப்பியை மாட்டித் தூக்க வேண்டும். வண்டியில் இறக்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கையை எடுத்துக் கல்லுக்கு அடியில் கொடுக்கவே கூடாது. இதற்கு ஆகும் நேரம் ஒரு காலைப்பொழுது. இந்தக் கதையில் அந்தக் காலைப்பொழுதுதான் இல்லை.)

3

மாதேவிக்கு மண்டியா பக்கம். பூங்காவின் பின்சுவரை ஒட்டித் தகரக் கொட்டகைகளில் அவர்கள் தங்கியிருந்தார்கள்: அவள், புருஷன் சித்தராஜு, சித்தராஜுவின் அண்ணன் நிங்கய்யா, இன்னும் சில ஊர்க்காரர்கள். நிங்கய்யாதான் மேஸ்திரி. நடைபாதைக்குக் கல் பதிப்பது, பெஞ்சு நடுவது, பெயர்ப்பது எல்லாம் அவன் ஆட்களின் வேலை. அந்த மாதம் ஆள் பற்றாமல் வடக்கே யாதகிரியிலிருந்து ஒரு ஜோடியைச் சேர்த்திருந்தான். ஹணமந்தா, அவன் மனைவி துர்கவ்வா.

இரண்டு குடும்பத்துக்கும் அடுப்பு அக்கம்பக்கம். ஒன்றில் ராகிக் களி, ஒன்றில் சோள ரொட்டி.

“யக்கா, உங்க ஆளுங்களுக்குப் பல்லு எதுக்கு?” என்பாள் துர்கவ்வா. “களிய மெல்லாமலே முழுங்குறீங்க. பல்ல கழட்டி வித்துடலாம்ல?”

“உன் ரொட்டிக்குத்தாண்டி வச்சிருக்கோம். முந்தாநேத்து ஒண்ணு தின்னேன், இன்னும் தாடை வலிக்குது. ரெண்டு குடு, கூரைல தகரம் ஓட்டை, சொருகிடுறேன்.”

“டேய் அணுமந்தா! எந்திரிடா!” என்று நிங்கய்யா குரல் கொடுப்பான்.

“ஹணமந்தா, மேஸ்திரி. ஹ! தினமும் என் பேர்ல முதல் எழுத்தத் தின்னுடுறீங்களே, களி பத்தலியா?”

சித்தராஜு விழுந்து விழுந்து சிரிப்பான். “அது எழுத்தே இல்லடா, காத்து. வெறுங்காத்துக்கு ஏண்டா சண்டைக்கு வர்ற?”

மண்டியாக்காரர்கள் வாயில் ஹ நிற்காது. ஹாசனை ஆசன் என்பார்கள், ஹாடுவை ஆடு என்பார்கள். பாட்டும் ஆட்டமும் அவர்களுக்கு ஒரே சத்தம்.*

நிங்கய்யாவிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. கல் தூக்கும்போது அவன் தூக்கமாட்டான். தள்ளி நின்று நாலு பக்கமும் பார்த்துக் குரல் மட்டும் கொடுப்பான். எத்து என்றால் தூக்கு. மடகு என்றால் கீழே வை. குரல் கொடுப்பவன் கையில் கல் இருக்கக் கூடாது என்பதை அவன் யாருக்கும் விளக்கியதில்லை. அப்படித்தான் செய்வான், அவ்வளவே.

பெஞ்சுகளை ஏன் நகர்த்த வேண்டும்? பூங்காவின் மேட்டில், மூங்கில் புதருக்குப் பின்னால் இருந்த பெஞ்சுகளில் கல்லூரிப் பையன்களும் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். சங்கத்துக்குப் பொறுக்கவில்லை. ‘எல்லோர் கண்ணிலும் படும்படி’ அவற்றை வாசல் பக்கம் கொண்டுவரத் தீர்மானம் போட்டார்கள். ஒவ்வொரு பெஞ்சும் யாரோ ஒருவரின் அப்பா அம்மா நினைவாகக் கொடுத்தது, பெயர் செதுக்கியது. ஒரு பையனும் பெண்ணும் கை கோத்து உட்காரக் கூடாது என்பதற்காக ஒரு மனிதன் செத்தான். இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை.

கடைசி பெஞ்சு மிச்சம் இருந்த காலையில் நிங்கய்யாவின் ஆட்களில் பாதிப் பேர் ஊர்ப் பண்டிகைக்குப் போயிருந்தார்கள். செயின் பிளாக்கை ஒப்பந்தக்காரர் வேறு வேலைக்கு எடுத்துப் போயிருந்தார். இரவெல்லாம் மழை பெய்து மேடு சேறாகிக் கிடந்தது.

ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் கிரீஷ் குடையோடு வந்தான். “சாயங்காலம் சங்கத் தலைவர் வர்றாரு நிங்கய்யா. ஒரே ஒரு பெஞ்சு. அத மட்டும் அங்க விட்டு வச்சா என்னப் பாத்து சிரிப்பாரு.”

“நாளைக்கு ஆளு வந்துடும் சாமி. செயின் பிளாக்கும் வரட்டும். பலகைய கழட்டித்தான் எடுக்கணும்.”

“கழட்டினா உடையும். அப்படியே தூக்கிடுங்க. நாலு ஆம்பள இருக்கீங்க, ஒரு பெஞ்சுக்கு என்ன பஞ்சாயத்து?”

“ஈரமா இருக்கு சாமி.”

“உங்களால முடியலன்னா சொல்லிடு. முடியிற ஆளு நாளைக்கே வருவான்.”

இப்படித்தான் நாலாவது ஆளாக நிங்கய்யாவே கல்லுக்குக் கை கொடுத்தான்.

மேட்டிலிருந்து கீழே இறங்க வேண்டும். கீழ்ப்பக்கம் சித்தராஜுவும் ஹணமந்தாவும் பின்புறமாக நடந்தார்கள். மேல்பக்கம் நிங்கய்யாவும் கரியன் என்ற ஊர்க்காரப் பையனும். மாதேவி பாதையில் கட்டைகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள், பெஞ்சை அதன் மேல் இறக்குவதற்காக. நிமிர்ந்து பார்த்தாள். புருஷனின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான். (இந்தச் சிமிட்டலை இரண்டு முறை எடுத்துவிட்டேன். மாதேவி திரும்பத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறாள்.)

கரியன் கால் சேற்றில் வழுக்கியது.

நிங்கய்யா கத்தினான்: “இடி!”

ஹணமந்தா தன் முனையைக் கீழே வைத்தான். போடவில்லை, வைத்தான். சொன்ன பேச்சைக் கேட்கிற ஆள் எப்படி வைப்பானோ அப்படி, பதமாக. கல் அந்த முனையில் ஊன்றித் திரும்பியது. மொத்தமும் சித்தராஜு பக்கம் சாய்ந்தது. மாதேவி கட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள். ஓடி என்ன?

அவன் நெஞ்சின் மேலிருந்து கல்லைப் புரட்டத் தெருவில் போனவர்களெல்லாம் வந்தார்கள். இத்தனை பேர் இந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஹணமந்தா இரண்டு கையையும் விரித்தபடி நின்றான். “இடின்னுதானே சொன்னாரு?”

நிங்கய்யா மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். “இடின்னுதானே சொன்னேன்?”

* என்னோடு படித்த மண்டியாப் பெண் ஒருத்தியை விரிவுரையாளர் எழுப்பி நிற்க வைத்து, ‘ஹ’ சொல்லச் சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்தார். நானும் அந்த வகுப்பில் இருந்தேன். பெங்களூரில் பிறந்த தமிழச்சி என்பதால் என் முறை அடுத்த வாரம் வந்தது. அவள் மறுவருஷம் படிப்பை விட்டாள். பிழையாகப் பேசுவதால் அல்ல. அவள் பேச்சில் பிழை இல்லை.

4

இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது. காரணம், இந்த விபத்து தமிழில் நடக்காது.

நமக்குப் பிடி என்றால் பிடி, வை என்றால் வை. எந்தச் சேற்றில் நின்று கத்தினாலும் ஒன்று மற்றொன்றாகக் காதில் விழாது. நம்முடைய பல சொற்களின் ப, கன்னடத்தில் ஹ ஆகிவிட்டது. பால் அங்கே ஹாலு. பல் அங்கே ஹல்லு. பிடி அங்கே ஹிடி. மண்டியாவில் அந்த ஹ-வும் உதிர்ந்துவிட, பிடி என்பது வெறும் இடி. நிங்கய்யா ‘பிடி’ என்றுதான் கத்தினான்.

ஆனால் பெங்களூரிலும் மற்ற இடங்களிலும் இடி என்றால் கீழே வையுங்கள் என்று அர்த்தம். கிரீஷ் நாள் முழுக்க விரலை நீட்டி ‘இல்லி இடி, அல்லி இடி’ என்று சொல்லிக்கொண்டிருப்பான். இங்கே வையுங்க, அங்கே வையுங்க. ஹணமந்தா கேட்டது அந்த இடியை. அவன் ஊரில் ஹ உதிர்வதே இல்லை. தன் பேரில் ஹ உதிர்வது அவனுக்குத் தெரியும், ஆனால் பிடிக்கச் சொல்ல நினைக்கும் ஒருவன் ஹ போடாமல் இருப்பான் என்று அவன் காது எதிர்பார்க்கவில்லை.

மண்டியாக்காரர்களுக்குள் இந்தக் குழப்பம் கிடையாது. அவர்களுக்கு வைப்பது மடகு, பிடிப்பது இடி. இரண்டும் இரண்டு மலைபோல் தள்ளித் தள்ளி நிற்கின்றன. ஒழுங்காகக் கல் தூக்கிய நாட்களில் பிடி என்று கத்த வேண்டிய அவசியமே வரவில்லை, அதனால் ஹணமந்தாவுக்கு அந்தச் சொல் பழக்கமாகவே இல்லை.

ஹணமந்தா மேல் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. கல் வழுக்கும்போது எவனாவது கீழே வைக்கச் சொல்வானா? கொஞ்சம் யோசித்திருக்க மாட்டானா? அந்தச் சந்தேகத்தை எழுதி, வாசித்து, கிழித்தேன். நூறு கிலோ கையில் இருப்பவனுக்கு யோசனை எங்கே இருக்கிறது? சொல் காதிலிருந்து நேராகக் கைக்கு இறங்குகிறது. யோசிப்பது என் வேலை. எனக்கு நாற்காலி இருக்கிறது.

(தமிழில் ஹ-வே கடன் வாங்கிய எழுத்து. அது இல்லாமல் இந்தக் கதையை எழுத முடியவில்லை. கடனை மன்னியுங்கள்.)

5

காரியம் முடிந்த மறுநாள் பகலில் துர்கவ்வா ஒரு துணியில் ரொட்டியைச் சுற்றிக்கொண்டு மாதேவியின் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

“யக்கா.”

மாதேவி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“அவர ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்காங்க. வேணும்னே விட்டுட்டான்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்கான். நீ வந்து சொல்றத வச்சுத்தான் கேஸ் எழுதுவாங்களாம்.”

“நான் என்னடி சொல்லணும்?”

“காதுல விழுந்தத.”

“என் காதுல பிடின்னு விழுந்துச்சு.”

துர்கவ்வா உட்கார்ந்துவிட்டாள். “அவரு காதுல வைன்னு விழுந்துச்சு யக்கா. உன் புருஷன் சிரிச்சா இவரும் சிரிப்பாரு. ஒரு தட்டுல தின்னவங்க. இவரு வேணும்னு விடுவாரா?”

“விடமாட்டான்.” இதைச் சொன்னபோதுதான் மாதேவிக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. ஹணமந்தா வேண்டுமென்றே விட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அவனைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். சாபம் விட்டிருக்கலாம். இப்போது யாரை உலுக்குவது?

ரொட்டியை வாங்கிக்கொண்டாள். தின்னவில்லை. திருப்பித் தரவும் இல்லை.

துர்கவ்வா போனதும் நிங்கய்யா வந்தான். தம்பி செத்த நாளிலிருந்து அவனுக்குக் குரலே வரவில்லை, காற்றுதான் வந்தது.

“கிரீஷ் பேசினான். வடக்கத்தியான் பேர எழுதிட்டா நமக்குப் பிரச்சினை இல்லையாம். இல்லன்னா குரல் குடுத்தவன் நான்னு என்னப் பிடிப்பாங்களாம்.”

“நீங்க என்ன சொல்றீங்க பாவா?”

“நான் பிடின்னேன் மாதேவி. நம்ம ஊரு மேல ஆணை. பிடின்னேன்.”

“தெரியும் பாவா.”

“அவன் அப்படிக் கேக்கலன்னும் தெரியும்.” முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். “நான் கல்லத் தொட்டிருக்கக் கூடாது. தள்ளி நின்னிருக்கணும்.”

அவள் முன்னால் இருந்தது இவ்வளவுதான். ஹ இருந்தது என்றால் ஹணமந்தா ஜெயிலுக்குப் போவான். ஹ இல்லை என்றால் நிங்கய்யா போவான். நடுவில் ஒரு மூச்சு. அந்த மூச்சு சித்தராஜுவுக்கு இல்லை.

5 (அடித்தது)

‘மாதேவி எழுந்து நின்றாள். அவள் கண்களில் தீ. “கேளுங்க! கொன்னது அவனும் இல்ல, இவனும் இல்ல. எங்க உழைப்ப உறிஞ்சுற இந்த’

இல்லை. இது மாதேவி பேசுவது இல்லை, நான் பேசுவது. எனக்குப் பேச வேண்டுமென்றால் என் பெயரைப் போட்டுப் பேசலாம். புருஷன் செத்த பொம்பளையின் வாயில் ஒலிபெருக்கியைக் கட்டுவது இன்னொரு வகைக் கூலி வேலை வாங்குவது. ஆனால் வாக்கியத்தை முழுசாக அழிக்கவும் மனம் வரவில்லை. கிடக்கட்டும்.

6

போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதுகிறவரை ரைட்டர் என்பார்கள். நானும் ரைட்டர்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். அவர் எழுதியதன் பேரில் ஆட்கள் உள்ளே போகிறார்கள். நான் எழுதியதன் பேரில் இதுவரை ஒரு பூனைகூட இடம் மாறியதில்லை. எனவே இந்தப் பகுதியில் அவரைக் கொஞ்சம் மரியாதையாகவே நடத்துகிறேன்.

கெட்டவர் இல்லை. மாதேவிக்கு நாற்காலி போடச் சொன்னார். டீ வாங்கிவரச் சொன்னார். மூலையில் தரையில் ஹணமந்தா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிரீஷ் நின்றுகொண்டே செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். நிங்கய்யா வாசலுக்கு வெளியே.

“சொல்லும்மா. உன் புருஷனோட அண்ணன் என்னன்னு கத்தினாரு?”

“இடின்னு.”

ரைட்டர் எழுதினார். நிறுத்தினார். “ஹ போடவா, வேண்டாமா?”

“அது எனக்குத் தெரியாது சார். கையெழுத்து மட்டுந்தான் போடுவேன்.”

“சரி. பிடிக்கச் சொன்னாரா, வைக்கச் சொன்னாரா?”

“பிடிக்கத்தான் சொன்னாரு.”

“அப்போ ஹ.” போட்டார்.

“எழுதினத வாசிங்க சார்.”

“...‘ஹிடி’ என்று உரத்த குரலில் கூறினார்...”

“அப்படி யாரும் கத்தல சார்.”

“நீதானேம்மா சொன்ன?”

“பிடின்னு நெனச்சுக் கத்தினாரு. ஆனா அந்தக் காத்து வரல. எங்களுக்கு வராது. அது வந்திருந்தா இந்த ஆளு பிடிச்சிருப்பான்.” மூலையைக் காட்டினாள். ஹணமந்தா தலையைத் தூக்கினான்.

ரைட்டர் ஹ-வை அடித்தார். வாசித்தார். “‘இடி’ என்று உரத்த குரலில் கூறினார்.”

“ஆமா, இதுதான் சத்தம். ஆனா நீங்க வாசிக்கிறப்போ கீழ வைன்னு சொன்ன மாதிரி இருக்கு. அப்படியும் அவரு சொல்லல.”

“ஏம்மா, உனக்கு என்னதாம்மா வேணும்? ஒண்ணு ஹ இருக்கணும், இல்ல ஹ இல்லாம இருக்கணும். நடுவுல எழுத்து கிடையாது.”

கிரீஷ் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: “சார், இவங்களுக்கு ஒழுங்கா ஹ வராததுக்கு நாம என்ன பண்றது? ஹ-வே போட்டுடுங்க. சக தொழிலாளியோட கவனக்குறைவு. சோலி முடிஞ்சுது.”

மாதேவி அவனைப் பார்த்தாள். பிறகு ரைட்டரிடம் திரும்பினாள்.

“சார், ஒண்ணு பண்ணுங்க. நீங்க ஒரு முனை. இந்த சூப்பர்வைசர் ஒரு முனை. இன்னும் ரெண்டு போலீஸ்காரங்க. பூங்காவுக்கு வாங்க, அந்த பெஞ்ச அதே மேட்டுல ஏத்தி, அதே மாதிரி தூக்கிக் கீழ எறங்குங்க. நான் நின்னு இடின்னு கத்துறேன். யாரு என்ன பண்றீங்கன்னு பாத்துட்டு அத எழுதுங்க.”

சுவரோரம் நின்ற கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். ரைட்டரும் சிரித்தார், கேலியாக இல்லை, அலுப்பில்.

“நல்ல கதைம்மா. அந்தக் கல்ல நாலு பேரு தூக்க முடியுமா? அது என்ன மரப் பெஞ்சா? எங்கள்ல எவனாவது செத்துத் தொலைஞ்சிடுவான்.”

“அத எழுதுங்க சார்,” என்றாள் மாதேவி.

கிரீஷ் செல்போனைப் பையில் போட்டான்.

7

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் ஹணமந்தா சிறைக்குப் போகிறான், துர்கவ்வா ஊருக்குப் போகிறாள், நிங்கய்யா வேறு எங்கோ குரல் கொடுக்கிறான். இன்னொன்றில் நிங்கய்யா போகிறான், ஊரில் மாதேவிக்குத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. மூன்றாவதில் நீதி. மூன்றாவதை வாசித்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. அதில் ஒப்பந்தக்காரர் கூண்டில் நின்று தேம்பி அழுகிறார். அந்த மாதிரி ஆட்கள் அழுது நான் பார்த்ததில்லை.

மூன்றையும் தூக்கிப் போட்டேன்.

மாதேவி சொன்னதை ரைட்டர் எழுதினார் என்று எழுத எனக்கு ஒரு வரி போதும். எழுதினால் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். எழுதவில்லை என்றால் ‘நாடே இப்படித்தான்’ என்று ஒரு பெருமூச்சு, பிறகு பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். எப்படியும் உங்கள் கை சும்மா இருக்கும். அதை நான் விடப்போவதில்லை.

ஸ்டேஷன் அப்படியே இருக்கிறது. டீ ஆறுகிறது. கிரீஷ் ஏதோ சொல்ல வாயைத் திறந்திருக்கிறான், நான் அவனுக்கு வசனம் கொடுக்கவில்லை. ஹணமந்தா சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து நிற்கிறான். வாசலில் நிங்கய்யாவின் நிழல். மாதேவி நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள், அவள் இனி எழுந்து போகமாட்டாள். ரைட்டர் ஒரு புதுத் தாளை எடுத்தார். எடுத்தவர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு உங்களைப் பார்க்கிறார்.

பேனா உங்கள் பக்கம் இருக்கிறது. வாக்கியத்தை நான் தொடங்கி வைக்கிறேன்:

‘அந்தக் கல் பெஞ்சை நான்கு பேர்